குளிசை கதைக்காது

மகனே, உனக்கு ஸலாம். வழக்கமாக நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். இந்த முறை சண்டையை முதலில் வைக்கிறேன், நலம் பின்னால் வரும். நோன்புக்கு முன்பு சவூதியிலிருந்து வந்த உன் கூட்டாளியிடம் ஒரு குளிசைப் போத்தலும் அதைச் சுற்றி ஒரு துண்டுக் கடிதமும் கொடுத்தனுப்பியிருந்தாய். "உம்மா, இனி நஸீமாவைத் தடவ வேண்டாம். இது நல்ல மருந்து. இதையே போடட்டும்." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். உன் பெண்டாட்டிக்கு மாதாமாதம் வருகிற வயிற்றுக்குத்தை நினைத்து அவ்வளவு தூரத்திலிருந்து மருந்து அனுப்பியது நல்ல காரியம். அதோடு நிறுத்தாமல் பெற்ற தாய்க்குத் தடை போட்டாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போன கிழமை வந்த கடிதத்திலும், "இன்னும் தடவுகிறீர்களா?" என்று விசாரணை நடத்தியிருக்கிறாய். ஓம், தடவுகிறேன். அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் கோபத்தை மட்டும் எழுதியிருப்பேன். இப்போது கோபத்தோடு ஆதாரமும் இருக்கிறது. ஆறுதலாக உட்கார்ந்து வாசி.

உன் வாப்பாவுக்கு இதில் கூச்சம். நான் பேனையை எடுத்ததைக் கண்டதும் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

"இது மகனுக்கு எழுதுற கதையா கா?"

"வேற ஆருக்கு எழுதச் சொல்றீங்க? பள்ளிவாசல் தலைவருக்கா?"

திரும்பிப் போய்விட்டார். இப்போது தறிச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்கிறது.

நீ வளர்ந்த வீட்டில் இந்த விஷயத்துக்குப் பெயர் சுளுக்கு. பின் கடப்பு வாசலால் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், "சுளுக்காம், தடவ வந்திரிக்கா" என்று உங்களையெல்லாம் முன்பக்கம் விரட்டிவிடுவேன். மீசை அரும்பிய பிறகு ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு நீ கேட்டாய், "அதென்ன உம்மா, இந்த மருதமுனைப் பொம்பளையளுக்கு மட்டும் மாதாமாதம் சுளுக்குப் பிடிக்குது?" வாப்பாவுக்குப் புரையேறி, வாய்க்குள் இருந்த சோறு பாய் முழுக்கச் சிதறியது. உன் ராத்தா எழும்பிக் குசினிக்குள் ஓடிப்போய், அங்கே நின்று சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. அன்றைக்கு உனக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதம்தான் அந்தப் பதில் என்று வைத்துக்கொள்.

எனக்கு இந்தத் தடவலை ஒருவரும் பழக்கித் தரவில்லை. தெற்குத் தெரு மருத்துவிச்சி, தன்னைப் பார்த்துத்தான் நான் பிடித்துக்கொண்டேன் என்று சாகும்வரை சொல்லித் திரிந்தாள். அது பொய். வயதுக்கு வந்த அன்றோடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். வாசிப்பை நான் சாமான் சுற்றி வரும் பேப்பரில் படித்தேன். தடவலை என் முதுகில் படித்தேன். கலியாணம் முடித்த புதிதில், தறிக்கொட்டிலில் இருந்து நூல் சுற்றும்போது எனக்கு அந்த நோ வரும். ஆருக்கும் சொல்ல முடியாது. ஒருநாள் தாங்காமல் கொட்டிலின் நடுத்தூணில் நாரியைச் சாய்த்து அழுத்தினேன். முதுகெலும்பு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் குழி மாதிரி இருக்குமே, அந்த இடம் தூணில் பட்டதும் அடிவயிற்றின் இறுக்கம் இளகியது. பிறகு மாதாமாதம் அந்தத் தூண்தான் எனக்கு டொக்டர். எந்த இடத்தில் எவ்வளவு நேரம், எவ்வளவு பாரம் என்று அதில் சாய்ந்து சாய்ந்துதான் படித்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளிப் பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயும் கையும். உன் சாச்சிக்குத் தடவினேன், பக்கத்து வீட்டாருக்குத் தடவினேன், வந்தவர்களுக்கெல்லாம் தடவினேன். வயிற்றில் மட்டும் கை வைக்கவே மாட்டேன், நாரியோடு சரி. "தடவித் தடவிக் கருப்பை இறங்கிப் போயிரும்" என்று உன் காதில் ஆரோ ஓதியிருக்கிறார்கள். அது ஆர் என்றும் எனக்குத் தெரியும். உன் மாமி, நஸீமாவைப் பெற்றவ.

உன் மாமியைப் பற்றி நான் குறை சொல்வதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நம் வழக்கப்படி நீ கலியாணம் முடித்து அவர்கள் வீட்டுக்குப் போனாய். நீ விமானம் ஏறிய பிறகு நஸீமா தன் தாய் தகப்பனோடு இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு ஒழுங்கைதான். உன் மாமி பென்ஷன் எடுத்த டீச்சர். என்னைக் காணும்போதெல்லாம், "நாங்க படிச்ச ஆக்கள் சம்மந்தி, எங்களுக்கு டொக்டர் சொன்னாத்தான்" என்பா. மகள் துடிக்கும்போதெல்லாம் கடையில் வாங்கிய குளிசையைக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் பொறு, எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்" என்று கதவைச் சாத்துவா. அந்தப் பிள்ளை பின் ஒழுங்கையால் குடையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வரும். நான் கூப்பிட்டு வந்ததில்லை. நோதான் கூட்டிக்கொண்டு வந்தது.

நீ அறியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அவள் உனக்கு எழுதவில்லை, எழுதினால் நீ அங்கே நித்திரை இல்லாமல் கிடப்பாய் என்று பயந்தாள். புதிதாகக் கிடைத்த அந்த ஆசிரியர் வேலை கைநழுவப் பார்த்தது. மாதாமாதம் லீவு. லீவுக் கடிதத்தில் உள்ளதை எழுத முடியுமா? அதிபர் ஆம்பிளை, உன் மாமாவோடு ஒரே வரிசையில் நின்று தொழுகிறவர். அதனால் ஒவ்வொரு முறையும் தலையிடி என்று எழுதினாள். நோன்பு விடுமுறைக்கு முன்பு அவர் அவளைக் கூப்பிட்டு, "ஒங்கட தலையிடி கலண்டர் பாத்தா டீச்சர் வருது?" என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்த மற்ற ஆசிரியர்மாரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்துவிட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. பெருநாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்த பிறகும் இதே மாதிரி லீவு கேட்டால், தூரத்துப் பொத்துவிலுக்கு மாற்றச் சொல்லிப் பெயர் அனுப்புவேன் என்றும் சொல்லியிருக்கிறார். புருஷன் கடலுக்கு அப்பால், இவள் பொத்துவிலில் ஒரு அறை எடுத்துத் தனியாக. உன் மாமா அதற்கு விடுவாரா? "வேலைய உடு" என்பார். அவள் எப்படிப் படித்து அந்த வேலைக்கு வந்தாள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேலையைப் பற்றிக் கதைக்கும்போது அவள் முகத்தைப் பார்த்துத்தானே நீயே கலியாணத்துக்குச் சம்மதித்தாய்.

இந்த நேரத்தில்தான் உன் போத்தல் வந்து சேர்ந்தது. அதற்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது, முழுக்க அறபு. எனக்கு ஓதத் தெரியும், கருத்துத் தெரியாது. ஆனாலும் என்னதான் எழுதியிருக்கிறது பார்ப்போம் என்று விறாந்தையில் இருந்து எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தேன். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு ராத்தா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கையை ஏந்திவிட்டா. முடியும்வரை நானும் நிறுத்தவில்லை. "ஆமீன்" என்றா. குளிசைக்கு அப்படி ஒரு பரக்கத்து. பிறகு நஸீமா அந்தப் போத்தலைக் கல்முனையில் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். இது அவளுக்குப் பொருந்தும், நோ தொடங்கும்போதே போட வேண்டும், இத்தனைக்கு மேல் போடக்கூடாது என்றெல்லாம் சொல்லி அனுப்பினாராம். நான் அந்தப் போத்தலை ஒளித்து வைத்தேன் என்று உன் மாமி உனக்கு எழுதியிருந்தால் நம்பாதே. அரிசிப் பானைக்குள் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். மறுநாளே கொடுத்தும் விட்டேன்.

நோன்பின் நடுவில் அவளுக்கு அந்த நாள் வந்தது. குளிசையைப் போட்டாள். நோ நிற்கவில்லை, அதற்கு மேலால் நெஞ்செரிவும் சத்தி வாந்தியும் சேர்ந்துகொண்டது. உன் மாமி, "இது போதாது, ஊசிதான் போடணும்" என்று நின்றிருக்கிறா. நஸீமாவோ நண்பகல் வெயிலில் குடையோடு என் பின் கடப்பால் வந்து, பாயில் குப்புறப் படுத்தாள். மகனே, உண்மையை எழுதுகிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருநாள். குளிசை தோற்றது, கை வென்றது என்று எண்ணெயைச் சூடாக்கினேன். நாரியில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது அவள் வயிறு இரைந்தது. அது வயிற்றுக்குத்துச் சத்தம் இல்லை. பசிச் சத்தம்.

"புள்ள, நீ சோறு திண்டியா?"

"இல்ல மாமி."

"உனக்குத்தான் இப்ப நோன்பு இல்லியே."

"நோன்பு இல்லதான். வாப்பா விறாந்தையில இரிக்காரு, தம்பிமாரும் ஊட்டதான். எப்பிடித் திங்கிற?"

"விடிய முன்ன சஹருக்கு?"

"எல்லாரோடயும் எழும்பி இருந்தன். சத்தி வந்திச்சி, ஒண்டும் இறங்கல்ல."

"அப்ப குளிசைய எதுக்கு மேல போட்ட?"

"தண்ணிக்கு மேல. கிணத்தடியில ஒளிச்சி நிண்டு."

"டொக்டர் என்ன கா சொன்னாரு?"

அவள் முகத்தைப் பாய்க்குள் புதைத்துக்கொண்டு சொன்னாள், "திண்டுட்டுத்தான் போடணும் எண்டாரு."

நீ ஆம்பிளை, உனக்கு இது தெரிந்திருக்காது. உன் வாப்பாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியவந்தது. அந்த நாட்களில் எங்களுக்கு நோன்பில்லை. மார்க்கம் தின்னச் சொல்லிவிட்டது. ஆனால் நாங்கள் தின்றால், ஏன் தின்கிறாள் என்று வீட்டு ஆம்பிளைகளுக்கு விளங்கிவிடும் அல்லவா? அதனால் நோன்புகாரிகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சஹருக்கும் எழும்பி, நோன்பு திறக்கவும் வரிசையில் இருந்துகொள்வோம். ஊரிலுள்ள பெண்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிவோம், ஒருவரும் கதைப்பதில்லை. அந்தக் குளிசையை நாங்கள் ஒரு நாளும் நேர்மையாகச் சோதித்துப் பார்க்கவில்லை. வெறும் வயிற்றில் போட்டு, வயிறு எரிந்ததும் குளிசைக்குப் பழி சொன்னோம். என் கைக்குப் பசி தெரியாது, அதனால் கைக்கு நல்ல பெயர். இதை விளங்கிக்கொண்டதும் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், வெற்றி இவ்வளவு கெதியில் கையை விட்டுப் போனால் ஆருக்குத்தான் வருத்தம் வராது. கொஞ்ச நேரம்தான். எழும்பிக் கையைக் கழுவிவிட்டு, சஹருக்கு ஆக்கிய சோற்றில் மிச்சத்தைப் பீங்கானில் போட்டு, மீன் பாலாணத்தைச் சூடாக்கி ஊற்றி, அவளைக் குசினிக் கதவுக்குப் பின்னால் இருத்தினேன். எனக்கு நோன்பு. ஆணத்தின் வாசம் மூக்கைப் பிடுங்க, அவள் முதல் கவளத்தை வாயில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் தின்றது மாதிரி ஒருவரும் தின்று நான் பார்த்ததில்லை. தலையை நிமிர்த்தவே இல்லை. "மீன்ட தலையையும் போடுங்க மாமி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து உன் வாப்பா லுஹர் தொழுதுவிட்டுப் பின்பக்கத்தால் வந்துவிட்டார். கதவடியில் நின்று உள்ளே பார்த்தார். நஸீமாவின் கை பீங்கானுக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றது. உன் வாப்பா முகத்தை மெதுவாகக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, என்னிடம் கேட்கிற மாதிரிச் சொன்னார், "வெறும் சோத்தையா குடுத்த? சட்டிக்குள்ள அப்பளம் இரிக்கி எலா, அதையும் குடு." சொல்லிவிட்டு முன்பக்கம் போய்ப் படலையடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டார். வந்தவர்களையெல்லாம், "அவ ஊட்ட இல்ல, மறுகா வாங்க" என்று திருப்பி அனுப்பினார். நோன்போடு பொய் சொல்லலாமா என்று பிறகு கேட்டேன். "நீதான் குசினியில இரிந்த, ஊட்டுக்குள்ள இல்லியே" என்றார். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும், இந்த மனிசனை இவ்வளவு நல்லவர் என்று அதற்கு முன்பு நான் நினைத்ததில்லை.

சாப்பிட்டு, குளிசையைப் போட்டு, மறுபடி படுத்தாள். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது எழும்பி இருந்து என் தலைக்குப் பேன் பார்க்கிறேன் என்றாள். எது வேலை செய்தது? சோறா, குளிசையா, கையா? குளிசைதான் என்று நீ சொல்வாய். பொறு.

பெருநாளன்று உன் மாமி வட்டிலப்பம் கொண்டுவந்தா. நான் நல்ல நாளும் பாராமல், "மகளைப் பட்டினி போட்டா நோன்பு புடிச்ச நீங்க?" என்று கேட்டேன். சண்டை வரும் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டுதான் கேட்டேன். அவ வட்டிலப்பப் பாத்திரத்தைக் கீழே வைத்தா. பிறகு, "நானும் ஒரு நாளும் திங்கல்ல சம்மந்தி. ஆரும் திங்கச் சொல்லவும் இல்ல" என்றா. முந்தானையை எடுத்துவிட்டு வட்டிலப்பத்தை வெட்டினேன். பெரிய துண்டை அவவுக்கு வைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு முதல் தடவை அந்த நாள் வந்தபோது சுபஹு தொழுததும் நான் எண்ணெயோடு அங்கே போனேன். உன் மாமி போத்தலோடு நின்றா. "இண்டைக்குக் குளிசைதான்" என்றா. "கைதான்" என்றேன். நஸீமா இரண்டு பேரையும் பார்த்து, "ரெண்டு பேரும் வெளிய போங்க, நான் சோறு திங்கணும்" என்றாள். தின்றாள், குளிசையைப் போட்டாள், சாரி உடுக்கு முன் நான் நாரியில் கை வைத்தேன். போனாள். நானும் உன் மாமியும் படலையடியில் மத்தியானம்வரை நின்றோம், முறுக்கு விற்கிறவன் எங்களைப் பார்த்து என்ன சண்டை என்று கேட்டான். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வர, அவர்களுக்குப் பின்னால் குடையைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். அதிபர், "டீச்சருக்குத் தலையிடி சுகமா?" என்று கேட்டாராம். "ஓம் சேர், தலைக்குச் சோறு போட்டன்" என்றாளாம். பொத்துவில் கதை அதோடு நின்றுபோனது.

அடுத்த மாதம் அது பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வந்தது. விட்டேனா? இன்றைக்குக் குளிசை வேண்டாம், கை மட்டும் என்று பார்ப்போம் என்றேன். நஸீமாவும் சம்மதித்தாள். கை வைத்திருக்கும்வரை நோ படுத்துக் கிடந்தது. கையை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டது. எனக்கும் வயதாகிவிட்டது, பெருவிரல் முந்தி மாதிரி பாரம் தாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன், இதைப் பத்திரமாக வைத்துக்கொள், மறுபடி என் வாயால் வராது: வகுப்பில் நின்று படிப்பிக்கப் போகிற பெண்ணுக்குக் குளிசை நல்லது. என் கையை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடியாது. தின்றுவிட்டு, நேரத்தோடு, டொக்டர் சொன்ன அளவுக்குப் போட்டால் அது சொன்ன வேலையைச் செய்கிறது. போத்தல் முடியப் போகிறது. அங்கேயிருந்து வாங்கு முன், டொக்டர் எழுதித் தந்த பெயரைப் பார்த்து வாங்கு.

இனி உன் வேலையைச் சொல்கிறேன். வருகிற நோன்புக்கு லீவில் வருகிறாய். அவளுக்கு நோன்பில்லாத நாள் வந்தால், அவள் கிணற்றடிக்குப் போகு முன் நீயே சோற்றைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடு. விறாந்தையில் உன் மாமா இருப்பார். இருக்கட்டும். பீங்கானை மூடாமல் அவருக்கு முன்னாலேயே கொண்டுபோ. உன் மாமி உனக்குத் துணை நிற்பா, என்னிடம் ஒத்துக்கொண்டுவிட்டா. மாமா கிணற்றைப் பார்க்கப் பழகிக்கொள்வார். உன் வாப்பாவே பழகிக்கொண்டார்.

நேற்றுப் பின்னேரம் நஸீமா வந்தாள். குளிசை போட்டு, பள்ளிக்கூடம் போய், நோ ஒன்றும் இல்லாமல் திரும்பியவள். வந்ததும் பாயை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"நோ இல்லியே, மறுகா என்னத்துக்கு வந்த?"

"சும்மா தடவுங்க மாமி."

"போத்தல் இரிக்கிதானே."

"குளிசை கதைக்காது மாமி" என்றாள்.

எண்ணெயைச் சூடாக்கினேன். உன்னைப் பற்றித்தான் கதைத்தோம், மீசை அரும்பிய வயதில் நீ கேட்ட சுளுக்குக் கேள்வியைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் என் கை நாரியில் நிற்கவில்லை.

எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்கத் துஆ செய்கிறேன். பதில் எழுதும்போது, "தடவ வேண்டாம்" என்று எழுதியதை வாபஸ் வாங்கி எழுது. அந்தக் கடிதம் வந்து சேரும்வரை நான் தடவிக்கொண்டுதான் இருப்பேன். வந்த பிறகும் தடவுவேன்.

உன் உம்மா